நினைவகத்தின் தூரம்

கீழக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடா. ஆனைப்பார், வாலிமுனை, அப்பா தீவு, முள்ளி என்று கரையோடு சேர்ந்தாற்போலத் தீவுகள் கிடக்கின்றன. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இப்படி 21 தீவுகள். கரையிலிருந்து அவை சராசரியாக எட்டு முதல் பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன.

காற்றே இல்லாத நாளில்கூட இந்தக் கடல் பொங்குவது உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் எழுப்பிய நீண்ட அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து மோதும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். எச்சரிக்கை அறிவிப்புகளிலும் இப்போது அதே பெயர்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளுக்கு இத்தகைய அலைகளை முன்கூட்டியே அறிவிக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே வருகிற எச்சரிக்கை என்பதால், படகை இறக்குவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கை நம்பித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் திசையில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை எண்களாக வைக்கிறார்கள். 24 திசை, 25 அதிர்வெண் என்று வைத்தாலே ஒரு கட்டத்துக்கு 600 எண்கள் ஆகிவிடும். அடுத்த சில நிமிடங்களில் இந்த எண்கள் என்னவாகும் என்று கணிக்க, பக்கத்துக் கட்டங்களின் எண்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். காற்றைக் கணிக்கும் வானிலை மாதிரிகளுக்கும் இதே போன்ற கட்டங்கள்தான். உலகம் முழுவதற்குமான அத்தகைய மாதிரிகள் நம் நாட்டில் பல ஆண்டுகள் 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடின. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டருக்கு இறங்கியது. 12 கிலோமீட்டர் கட்டம் என்றால், கீழக்கரைக் கரையும் எதிரே உள்ள தீவும் இடையில் உள்ள கடலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலத்தையும் பாதிப் பாதி அடியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதால் வேலை எட்டு மடங்காகும். நினைவகத்தில் வைக்க வேண்டிய எண்களோ நான்கு மடங்கு.

இந்த மாதிரிகளில் ஓர் எண்ணை எடுத்து வந்தபின் அதன்மேல் செய்யும் கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான். எடுத்து வருவதுதான் பெரிய வேலை. செயலியின் கோர்கள் நேரத்தின் பெரும்பகுதியை நினைவகத்திலிருந்து எண் வந்து சேரும்வரை காத்திருந்தே கழிக்கின்றன. அந்தக் காத்திருப்பு எல்லா நினைவகத்துக்கும் ஒரே அளவு கிடையாது என்பதும், அந்த வேறுபாட்டை நிரலுக்கு யார், எப்படிச் சொல்வது என்பதும்தான் இந்த அத்தியாயம்.

2018-இல் நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தில் மிஹிர் என்ற மீக்கணினி நிறுவப்பட்டது. அதே ஆண்டு புனேயில் பிரத்யூஷ் வந்தது. மிஹிரின் திறன் 2.8 பெட்டாஃப்ளாப்ஸ், பிரத்யூஷ் 4. இரண்டும் கிரே நிறுவனத்தின் எக்ஸ்சி40 வகை. ஆயிரக்கணக்கான கணினிகளைச் சேர்த்துக் கட்டியவை. அந்தக் கணினிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தால் இரண்டு சாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் 18 கோர் கொண்ட இன்டெல் ஜியான் செயலி. ஒவ்வொரு செயலிக்கும் அதனோடு நேரடியாக இணைந்த நினைவகப் பலகைகள் தனித்தனி. முதல் செயலியின் கோர் தன் பக்கத்து நினைவகத்திலிருந்து எண் கேட்டால், இந்தத் தலைமுறைச் செயலிகளில் ஏறத்தாழ 90 நானோவினாடியில் வந்து சேரும். எதிர்ச் சாக்கெட்டின் நினைவகத்தில் இருக்கும் எண் என்றால் இரு செயலிகளுக்கும் இடையிலான இணைப்பைக் கடந்து வர ஏறத்தாழ 140 நானோவினாடி. அந்தச் செயலியின் கடிகாரம் வினாடிக்கு 210 கோடி முறை துடிக்கிறது. ஆக, பக்கத்து எண்ணுக்கு 190 துடிப்பும் எதிர்ப்பக்க எண்ணுக்கு 290 துடிப்பும் காத்திருக்க வேண்டும்.

நிரலுக்கு இது எதுவும் தெரியாது. அதன் பார்வையில் நினைவகம் என்பது முதல் முகவரியில் தொடங்கி நீண்டு கிடக்கும் ஒரே பரப்பு. அப்படிக் காட்டும் ஏற்பாடு 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியோடு வந்தது. அதில் வேகமான காந்த வளைய நினைவகமும் மெதுவான காந்த உருளையும் இருந்தன. எழுதுபவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாம், எது எங்கே என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அது பெரிய விடுதலை. அதற்கு முன் நிரல் எழுதுகிறவர்கள் தரவை ஏற்றி இறக்கும் வேலையிலேயே பாதி நாளைத் தொலைத்தார்கள். இன்றைக்கும் இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்த ஏற்பாட்டைத்தான் காத்துவருகிறது.

கீழக்கரை மரைக்காயர் ஒருவர் இலங்கையோடு வணிகம் செய்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கீழக்கரையில் ஒரு கிட்டங்கி, கொழும்பில் ஒரு கிட்டங்கி. கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்த்து, “மொத்தம் ஆயிரம் மூட்டை இருக்கிறது” என்கிறார். கணக்கு சரிதான். ஆனால் நாளைக்கு ராமநாதபுரத்தில் ஒருவர் இருநூறு மூட்டை கேட்டால், கொடுக்க முடியுமா என்று அந்த மொத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை மூட்டை இக்கரையில், எத்தனை அக்கரையில், தோணி வர எத்தனை நாள், ஒரு நடையில் எத்தனை மூட்டை ஏறும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். இதில் இரண்டு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. தோணி வந்து சேரும் நாள் ஒன்று. ஒரு நடையில் ஏறும் சரக்கு இன்னொன்று. கணினியில் முதலாவதைத் தாமதம் என்றும் இரண்டாவதைப் பேண்ட்வித் என்றும் சொல்கிறோம். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்துவிடலாம் என்று நினைத்ததுதான் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தது.

தொடக்கத்தில் அந்த ஒற்றை எண் போதுமானதாகவே இருந்தது. 2003-இல் ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டெரான் செயலி, நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றைத் தன் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தது. 2009-இல் இன்டெல் சர்வர்களும் அதே வழிக்கு வந்தன. அதுவரை ஆய்வுக்கூடங்களிலும் விலையுயர்ந்த பெரிய இயந்திரங்களிலும் மட்டும் இருந்த ‘அருகு, தொலைவு’ பிரச்சினை சாதாரண இரட்டைச் சாக்கெட் சர்வருக்குள் நுழைந்தது. இத்தகைய அமைப்பை நூமா என்று அழைக்கிறார்கள். ஒரு செயலியையும் அதை ஒட்டிய நினைவகத்தையும் சேர்த்து ஒரு நோடு. எந்த நோடிலிருந்து எந்த நோடு எவ்வளவு தூரம் என்பதைக் கணினியோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், ஸ்லிட் என்ற அட்டவணையில் கர்னலிடம் கொடுக்கும். தன் நினைவகம் என்றால் 10. எதிர்ப்பக்கம் என்றால் 20 அல்லது 21. இந்த எண்ணுக்கு அலகு கிடையாது. இருபது என்றால் பத்தைப்போல இரு மடங்கு என்று பொருள். எதில் இரு மடங்கு என்பதைப் பல நேரம் ஃபர்ம்வேர் எழுதியவரே அளந்து பார்த்ததில்லை.

2004-இல் ஆண்டி கிளீன் எழுதிய நூமா வசதிகள் லினக்ஸ் 2.6 வரிசையில் சேர்ந்தன. இந்த நோடிலேயே வை, முடிந்தால் இந்த நோடில் வை, எல்லா நோடிலும் மாற்றி மாற்றி வை என்று நிரல் கர்னலிடம் கேட்க வழி பிறந்தது. எதுவும் கேட்காவிட்டால் கர்னல் தன் வழக்கப்படி செய்யும். 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்தில் முதன்முதலில் எந்தக் கோர் எழுதுகிறதோ, அந்தக் கோரின் நோடில் அந்தப் பக்கத்தை வைத்துவிடும்.

இந்த வழக்கம் எத்தனை நிரல்களைக் கவிழ்த்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடல் மாதிரி ஒன்று 36 கோர்களில் ஓடத் தயாராகிறது. கணக்கு தொடங்குமுன், எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணிகளையெல்லாம் பூஜ்ஜியமாக்க வேண்டும். சின்ன வேலைதானே என்று அதை ஒரே கோரில் செய்யும்படி எழுதிவிடுகிறார்கள். முதலில் தொட்டது அந்த ஒரு கோர் என்பதால், நினைவகம் இடம் கொடுக்கும்வரை பக்கங்கள் எல்லாம் முதல் நோடில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. பிறகு 36 கோர்களும் முதல் நோடின் நினைவகத்தையே இழுக்கின்றன. இரண்டாம் நோடின் நினைவகத் தடங்கள் சும்மா கிடக்கின்றன. அந்த ஜியான் செயலியின் நினைவகப் பேண்ட்வித் உச்சம் சாக்கெட்டுக்கு வினாடிக்கு 76.8 ஜிகாபைட். இரண்டும் உழைத்தால் 153.6. இப்போது கிடைப்பது அதில் பாதி. விடை சரியாகத்தான் வரும், பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. முன்னறிவிப்பு தாமதமாகும், அவ்வளவுதான். எந்தக் கோர் கணக்குப் போடப்போகிறதோ அதே கோரைக் கொண்டு அணியின் தன் பங்கைப் பூஜ்ஜியமாக்க வைத்தால் போதும், இழந்த பாதி திரும்பக் கிடைக்கும். பொதுப்பணத்தில் வாங்கிய இயந்திரத்தின் பாதியை ஒரு வரி நிரல் திருப்பித் தருகிறது. இதை நம் பொறியியல் கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றை எண்ணின் போதாமை வெட்டவெளிச்சமானது 2016-இல். அந்த ஆண்டு இன்டெல் வெளியிட்ட நைட்ஸ் லேண்டிங் செயலியில் இரண்டு வகை நினைவகம் இருந்தது. வழக்கமான டிடிஆர்4 வினாடிக்குச் சுமார் 90 ஜிகாபைட் தரும். செயலியோடு ஒட்டிவைத்த 16 ஜிகாபைட் எம்சிடிராம் 400 ஜிகாபைட்டுக்கு மேல் தரும். ஆனால் எம்சிடிராமின் தாமதம் டிடிஆர்4-ஐ விடச் சற்று அதிகம். அதாவது தோணி கொஞ்சம் பிந்தி வரும், வந்தால் நான்கு மடங்குக்கு மேல் சரக்கு ஏற்றி வரும். இதை ‘அருகில்’ என்று சொல்வதா, ‘தொலைவில்’ என்று சொல்வதா?

அருகில் என்று சொன்னால் வேறு ஒரு வில்லங்கம். எதையும் கேட்காத சாதாரண நிரல்களுக்கெல்லாம் கர்னல் அந்த 16 ஜிகாபைட்டையே எடுத்துக் கொடுத்துத் தீர்த்துவிடும். உண்மையில் தேவைப்படும் அணிகளுக்கு மிஞ்சாது. அதனால் எம்சிடிராமைக் கோரே இல்லாத தனி நோடாக்கி, தூரம் 31 என்று அட்டவணையில் எழுதினார்கள். கணினியிலேயே மிக அதிகப் பேண்ட்வித் தரும் நினைவகம், அட்டவணைப்படி மிகத் தொலைவில். வேலை நடந்தது, ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்கள் தனி நூலகம் ஒன்றின் வழியே அதைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். தெரியாதவர்கள் கர்னலிடம் விசாரித்திருந்தால் தவறான பதில்தான் கிடைத்திருக்கும். நல்ல நோக்கத்தோடுதான் அப்படி எழுதினார்கள். ஆனாலும் ஓர் இயங்குதளம் தன் நிரல்களிடம் பொய் சொல்லி வேலை வாங்கும் நிலை நீடிக்கக் கூடாது.

2017-இல் வெளியான ஏசிபிஐ 6.2 தரநிலை ஹெச்மாட் என்ற புதிய அட்டவணையைக் கொண்டுவந்தது. இதில் தூரம் என்ற மங்கலான எண் இல்லை. படிக்கும் தாமதம், எழுதும் தாமதம், படிக்கும் பேண்ட்வித், எழுதும் பேண்ட்வித் எல்லாம் தனித்தனி, எல்லாவற்றுக்கும் அலகு உண்டு. யார் கேட்கிறார், எந்த நினைவகத்திடம் கேட்கிறார் என்ற ஒவ்வோர் இணைக்கும் எண்கள் எழுதலாம். ஃபர்ம்வேர் இதைக் கர்னலிடம் சொல்லிவிடும். கர்னல் அதை நிரலிடம் எப்படிச் சொல்வது?

இதில்தான் கருத்து வேறுபாடு முற்றியது. 2018 டிசம்பரில் ரெட்ஹேட்டைச் சேர்ந்த ஜெரோம் கிளிஸ் முற்றிலும் புதிய அமைப்பு ஒன்றை முன்வைத்தார். கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம் உட்பட எல்லாவற்றையும், அவற்றுக்கு இடையிலான இணைப்புகளையும் வரைபடமாகக் காட்டுவது, அதற்கெனத் தனி அழைப்பு ஒன்றையும் சேர்ப்பது என்பது அவர் திட்டம். ஏற்கெனவே நூமா நோடுகள் இருக்கின்றன, நிரல்கள் அவற்றைப் புரிந்துவைத்திருக்கின்றன, அவற்றின்மீதே புதிய விவரங்களை ஏற்றினால் என்ன என்று மற்றவர்கள் கேட்டார்கள். முடிவில் இன்டெல்லில் இருந்த கீத் புஷ் எழுதிய எளிய வடிவம் 2019 ஜூலையில் லினக்ஸ் 5.2-இல் சேர்ந்தது. கிளிஸின் திட்டம் அறிவுக்கு அழகானது, புஷ்ஷின் வடிவம் கைக்கு அடக்கமானது. பழைய நிரல் ஒன்றுகூட உடையாமல் புதிய உண்மையைச் சொல்ல முடிந்தது என்பதால் நான் இரண்டாவதன் பக்கம்.

அந்த வடிவத்தில் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு கோப்பகம் உண்டு. உள்ளே, இந்த நினைவகத்தை மிகச் சிறப்பாக எட்டக்கூடிய செயலி எந்த நோடில் இருக்கிறது என்ற குறிப்பும், அதிலிருந்து பார்த்தால் தாமதம் எத்தனை நானோவினாடி, பேண்ட்வித் வினாடிக்கு எத்தனை மெபிபைட் என்ற நான்கு சிறு கோப்புகளும் இருக்கும். அவற்றை எந்த நிரலும் திறந்து படிக்கலாம். தானே படிக்கச் சிரமப்படும் நிரலுக்காக, பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் உருவாகும் ஹெச்டபிள்யூலாக் நூலகம் படித்துச் சொல்லும். அதிகப் பேண்ட்வித் உள்ள நோடு எது, குறைந்த தாமதம் உள்ள நோடு எது என்று தனித்தனியே கேட்கலாம். நைட்ஸ் லேண்டிங் போன்ற கணினியில் இந்த இரு கேள்விகளுக்கும் விடை வேறு வேறாக இருக்கும். 31 என்ற ஒற்றை எண்ணால் சொல்ல முடியாமல் போனது இதைத்தான்.

ஒரு குறையும் உண்டு. ஹெச்மாட்டில் எல்லா இணைகளுக்கும் எண் இருந்தாலும், கர்னல் வெளியே காட்டுவது மிக நெருக்கமான இணையின் எண்ணை மட்டும். நோடுகள் பெருகினால் கோப்புகள் அதன் வர்க்கமாகப் பெருகிவிடும் என்பதால் இந்தச் சிக்கனம். எதிர்ப்பக்கச் செயலியிலிருந்து எவ்வளவு ஆகும் என்று தெரிய, இன்னும் பழைய 10, 20 அட்டவணையிடம்தான் போக வேண்டும்.

நிரல் கேட்காவிட்டாலும் கர்னலே இந்த எண்களை வைத்து முடிவெடுக்கலாமே என்று தோன்றும். அந்த வேலையும் நடக்கிறது. 2021-இல் வந்த லினக்ஸ் 5.15 முதல், இடம் போதாதபோது அதிகம் தொடப்படாத பக்கங்களை மெதுவான நினைவகத்துக்கு இறக்கி வைக்க முடிகிறது. ஆனால் எது மெதுவானது? கோர் இல்லாத நோடு மெதுவானது என்று கர்னல் எளிதாக வைத்துக்கொண்டது. நைட்ஸ் லேண்டிங்கை நினைத்தால் இந்த அனுமானம் எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். 2023-இல் வந்த ஜியான் மேக்ஸ் செயலியிலும் சாக்கெட்டுக்கு 64 ஜிகாபைட் அதிவேக நினைவகம் கோரில்லாத நோடாகவே தோன்ற முடியும். இந்தியாவிலிருந்து ஐபிஎம்மில் பணியாற்றிய அனீஷ்குமார் கே. வி. எழுதிய மாற்றங்கள் இந்த முடிச்சை அவிழ்த்தன. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-இல் அவை சேர்ந்தபின், நினைவகத்தின் அடுக்கு அதன் திறனைக் குறிக்கும் அளவீட்டைப் பொறுத்து அமையத் தொடங்கியது. எந்த நோடு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் வெளியே தெரியும் கோப்பாயிற்று.

இப்போது சர்வர்களில் சிஎக்ஸ்எல் இணைப்பு வழியே கூடுதல் நினைவகம் பொருத்துகிறார்கள். இங்கே எண்ணைச் சொல்வதன் பயன் பளிச்சென்று தெரியும், அதனால் கணக்கைப் போட்டே பார்ப்போம். எட்டுத் தடம் டிடிஆர்5 உள்ள ஒரு சாக்கெட்டின் பேண்ட்வித் உச்சம் வினாடிக்கு 307 ஜிகாபைட். சிஎக்ஸ்எல் அட்டை ஒன்று ஒரு திசையில் 64 ஜிகாபைட் தரும் என்று கொள்வோம். 600 ஜிகாபைட் தரவைப் படிக்க வேண்டும். எல்லாம் டிடிஆர்5-இல் இருந்தால் சுமார் 2 வினாடி. இரண்டிலும் மாற்றி மாற்றிச் சம அளவில் வைத்தால், சிஎக்ஸ்எல்லில் இருக்கும் 300 ஜிகாபைட் வந்து சேர மட்டும் 4.7 வினாடி. கூடுதல் நினைவகம் வாங்கிப் போட்டு வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கியாயிற்று. ஐந்து பக்கம் இங்கே, ஒரு பக்கம் அங்கே என்று வைத்தால் டிடிஆர்5-இன் பங்கும் சிஎக்ஸ்எல்லின் பங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், சுமார் 1.6 வினாடியில் முடியும். அதே வன்பொருள், அதே தரவு. 2024 மே மாதம் வெளியான லினக்ஸ் 6.9 இந்த விகிதப் பங்கீட்டை அனுமதிக்கிறது. விகிதத்தை யாராவது தீர்மானிக்க வேண்டும், அதற்குப் பேண்ட்வித் எண்கள் உண்மையாக இருக்க வேண்டும்.

அவை எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. ஃபர்ம்வேர் சொல்வது பெரும்பாலும் இயந்திரம் சும்மா இருக்கும்போதுள்ள தாமதமும், காகிதத்தில் உள்ள உச்சப் பேண்ட்வித்தும். எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது தாமதம் பல மடங்காகலாம். அதற்கு இந்த அட்டவணையில் இடமில்லை. மேகக்கணினியில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் பல நேரம் அட்டவணையே கைக்கு வராது. அதனால் பெரிய கணக்குகளை ஓட்டுகிறவர்கள் கர்னல் சொல்வதைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, தங்கள் நிரலை வைத்தே ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் தொடங்கிய 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் போன்ற இயந்திரத்தில் நேரம் கிடைக்கும் மாணவர்கள், முதல் நாள் வேலையாக இதைச் செய்யலாம். அங்கே சாதாரணக் கணினிகளோடு அதிக நினைவகம் கொண்டவையும் கிராபிக்ஸ் செயலி கொண்டவையும் கலந்திருப்பதால் பார்க்க நிறைய உண்டு.

கீழக்கரையில் 1984 முதல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவர் தன் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு நூமாசிடிஎல் கட்டளையால் நோடுகளைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு நோடுதான் வரும், தூரம் 10. அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருளில், 2020-இல் வந்த 5.0 பதிப்பு முதல், மெய்நிகர் கணினிக்குள் ஹெச்மாட் அட்டவணையை நாமே எழுதிக் கொடுக்கலாம். இரண்டு நோடு, ஒன்றுக்குக் கோர் வேண்டாம், இதன் தாமதம் இவ்வளவு, அதன் பேண்ட்வித் இவ்வளவு என்று எழுதித் தொடங்கினால், உள்ளே ஓடும் கர்னல் அந்த எண்களை அப்படியே கோப்புகளில் காட்டும். பிறகு இரண்டு நோடுகளிலும் பெரிய அணி ஒன்றை வைத்து நேரத்தை அளந்து பார்த்தால் வேறுபாடு ஏதும் இருக்காது, ஏனென்றால் அடியில் இருப்பது அதே மடிக்கணினியின் அதே நினைவகம்.